எட்டடித் தகடு, எண்ணூற்று அறுபது டன் பனி

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது பஃபலோ. அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 95 அங்குலம் பனி விழுகிறது. ஒரு வீட்டின் டிரைவ்வே 16 அடி அகலம், 60 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 960 சதுர அடி. அதன்மேல் ஒரு பருவம் முழுக்க விழும் பனி 7,600 கன அடி, அதாவது 215 கன மீட்டர். புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று கொண்டால் வீட்டுக்கு இருபத்தொன்றரை டன். பிக்கப் வண்டியின் மூக்கில் பனித்தள்ளி ஒன்றை மாட்டிக்கொண்டு 40 வீடுகளுக்கு ஒப்பந்தம் போடுகிறவர், நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் 860 டன்னை நகர்த்தியாக வேண்டும்.

வாங்கப் போகும் பனித்தள்ளியை இந்த 860 டன்னோடு பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு. தகடு எத்தனை அடி, விலை எவ்வளவு, பக்கத்து வீட்டுக்காரர் எந்த பிராண்டு வைத்திருக்கிறார் என்றுதான் விசாரணை தொடங்குகிறது. விசாரணையை வண்டியின் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தச் சீட்டுக்கு வருமுன் பனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஈரி ஏரி 388 கிலோமீட்டர் நீளம். சராசரி ஆழம் 19 மீட்டர்தான். குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி நீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது, தென்மேற்கிலிருந்து வரும் குளிர்காற்று ஏரியின் முழு நீளத்தையும் தடவிக்கொண்டு வந்து, அள்ளிய ஈரத்தைப் பஃபலோ பக்கம் பனியாகக் கொட்டுகிறது. ஆழம் குறைவு என்பதால் ஏரி சீக்கிரம் உறைந்துவிடும். உறைந்தபின் இந்த வரத்து பெருமளவு அடங்கும். ஏரிப்பனி பஞ்சுபோல லேசானது, கன மீட்டருக்கு 50 முதல் 70 கிலோ. மார்ச்சில் விழும் ஈரப்பனி 200 கிலோவைத் தாண்டும். நகராட்சி வண்டி சாலையைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது டிரைவ்வேயின் வாயில் ஒதுக்கிவிட்டுப் போகிற அந்த வரப்பு 300, 400 கிலோவுக்கும் போகும். ஆறு அங்குலப் பனி விழுந்த நாளில் ஒரு டிரைவ்வேயில் கிடப்பது 13.6 கன மீட்டர். லேசான பனியானால் முக்கால் டன், ஈரப்பனியானால் இரண்டே முக்கால் டன். அங்குலக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் வண்டி படும் பாடு நான்கு மடங்கு மாறுகிறது. பனித்தள்ளியை மார்ச் மாதப் பனிக்காக வாங்க வேண்டும்.

இனி கதவுச் சீட்டு. முன் ஆக்சில் எவ்வளவு எடை தாங்கும், பின் ஆக்சில் எவ்வளவு, மொத்த வண்டி எவ்வளவு என்று மூன்று எண்கள் அதில் இருக்கும். ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே நிறமாக இருந்தாலும் எஞ்சினையும் ஸ்பிரிங்கையும் பொறுத்து இந்த எண்கள் மாறும். ஆகவே நண்பரின் வண்டியைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. முக்கால் டன் வகுப்பு என்று சொல்லப்படும் ஒரு பெட்ரோல் வண்டியை மாதிரிக்கு எடுத்துக்கொள்கிறேன். சீட்டில் முன் ஆக்சிலுக்கு 5,200 பவுண்டு என்று இருக்கிறது, 2,360 கிலோ. டேங்க் நிறைய எரிபொருளும் முன் இருக்கையில் இருவரும் ஏறிய நிலையில், லாரிகள் நிற்குமிடத்து எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தால் 1,800 கிலோ. மிச்சம் 560 கிலோ.

நேர்த்தகடு கொண்ட எட்டடிப் பனித்தள்ளி, வண்டியில் பொருத்தும் தாங்கியோடு சேர்த்து 340 கிலோ என்று கொள்வோம். 560இல் 340 போக 220 கிலோ மிச்சம் என்று கணக்கை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது தப்புக் கணக்கு. பனித்தள்ளி ஆக்சிலின்மேல் உட்காரவில்லை, அதற்கு முன்னால் தொங்குகிறது. அதன் எடைமையம் முன் ஆக்சிலுக்கு 1.4 மீட்டர் முன்னால். இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவே 3.75 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி 340ஐ 5.15ஆல் பெருக்கி 3.75ஆல் வகுத்தால் 467. அதாவது முன் ஆக்சில் சுமப்பது 467 கிலோ. பின் ஆக்சில் 127 கிலோ இலேசாகிவிடுகிறது. முன்பக்கம் இன்னும் 93 கிலோ இடம் இருக்கிறது, நிம்மதி. ஆனால் பின் சக்கரத்தில் பிடிப்பு குறைந்ததால் வழுக்கலில் பிரேக் போட்டால் வால் சுழலும்.

இதே வண்டிக்கு இரண்டு சிறகுகள் நடுவில் கீல் வைத்து மடங்கும் ‘வி’ வகைப் பனித்தள்ளி, 420 கிலோ என்று வைத்துப் பார்ப்போம். முன் ஆக்சிலுக்கு 577 கிலோ. இடம் இருப்பதோ 560. பதினேழு கிலோ அதிகம். பதினேழுதானே என்று விடக்கூடாது. குழியில் இறங்கி ஏறும்போது அந்தச் சுமை நிற்கும்போது இருப்பதைவிடப் பலமடங்காகி பால் ஜாயிண்டையும் வீல் பேரிங்கையும் இடிக்கிறது. இதற்குப் பரிகாரம் எதிர்ச்சுமை. பின் ஆக்சிலுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால், பெட்டியின் கடைசியில் 200 கிலோ மணல் மூட்டைகளை அசையாமல் கட்டினால் முன்பக்கச் சுமை 48 கிலோ குறையும். 577 இப்போது 529. இடம் 31 கிலோ மிச்சம். பின் சக்கரத்துக்குப் பிடிப்பும் திரும்பிவிடும். மூட்டையை கேபினை ஒட்டி வைத்தால் முன்பக்கச் சுமை குறையாது, மூட்டையின் எடையிலும் ஒரு பங்கு முன்னாலேயே போய்ச் சேரும். ஆகவே எதிர்ச்சுமை எங்கே உட்காருகிறது என்பதும் எடையளவுக்கு முக்கியம். இவ்வளவும் ஏற்றியபின் சீட்டிலுள்ள மொத்த எடை வரம்பையும் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

டீசல் எஞ்சின் வண்டியில் முன்பக்கம் இன்னும் 250 கிலோ அளவுக்குக் கூடுதல் சுமை உட்கார்ந்திருக்கும். அதற்கேற்ற வலுவான ஸ்பிரிங்கோடு வந்த வண்டியானால் சரி. இல்லையென்றால் மேலே சொன்ன நேர்த்தகடும் ஏறாது. வண்டித் தயாரிப்பாளர்கள் பனித்தள்ளிக்கென்று தனித் தொகுப்பு விற்கிறார்கள்: கனமான முன் ஸ்பிரிங்கும் பெரிய ஆல்டர்னேட்டரும் அதில் வரும். புது வண்டி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்கினால் சில நூறு டாலருக்குள் முடியும் வேலை, பிறகு செய்தால் சில ஆயிரத்தில் போய் நிற்கும். அரை டன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு 200 கிலோ சுற்றளவில் இலேசான தள்ளிகள் இருக்கின்றன. முன் ஆக்சிலுக்கு அவை 275 கிலோ கொடுக்கும். சொந்த வீடு, அக்காவின் வீடு, எதிர்வீட்டுப் பெரியவர் என்று நான்கைந்து டிரைவ்வேக்கு அது போதும். நாற்பது வீட்டுக்குப் போதாது.

அகலத்துக்கு வருவோம். ஏழரை அடியா, எட்டடியா? நேராக வைத்துத் தள்ளினால் பனி இருபுறமும் வழியும். ஒதுக்கிக்கொண்டு போக தகட்டைச் சாய்க்க வேண்டும். 30 பாகை சாய்த்தால் அகலம் 0.866 பங்காகக் குறைகிறது. ஏழரை அடித் தகடு ஆறரை அடியாகிவிடும், 78 அங்குலம். முக்கால் டன் வண்டியின் உடல் அகலம் 80 அங்குலம் அளவில். சுத்தம் செய்த தடத்தைவிட வண்டியே அகலம் என்றால் ஒருபக்கச் சக்கரம் பனியை மிதித்து இறுக்கிக்கொண்டே போகும். இறுகிய பனி பிறகு எந்தத் தகட்டுக்கும் பெயராது. எட்டடித் தகடு சாய்ந்த நிலையில் 83 அங்குலம், வண்டியைத் தாண்டி மூன்று அங்குலம். அந்த மூன்று அங்குலத்துக்காகத்தான் எட்டடி. ஒன்பது அடிக்குப் போனால் எடை ஏறும், சாய்த்த தகட்டால் 16 அடி டிரைவ்வேயில் மூன்று தடவையில் முடிகிற வேலை அதிலும் மூன்று தடவைதான்.

தகடு இரும்பா பிளாஸ்டிக்கா என்ற விவாதத்தில் நான் அதிகம் நேரம் செலவிட மாட்டேன். பிளாஸ்டிக் தகட்டில் ஈரப்பனி ஒட்டாது, இரும்பில் அடிபட்டால் ஒடுக்கெடுக்கலாம். முக்கியமானது வேறு. மேன்ஹோல் மூடியிலோ தூக்கிக்கொண்டிருக்கும் கான்கிரீட் விளிம்பிலோ தகடு மோதும்போது எது மடங்குகிறது? சிலவற்றில் முழுத்தகடும் முன்னால் சாய்ந்து கொடுக்கும். சேர்த்த பனி சரிந்துவிடும். சிலவற்றில் அடியிலுள்ள சில அங்குலப் பட்டை மட்டும் பின்னால் மடங்கித் திரும்பும். பனி தகட்டிலேயே நிற்கும், ஆனால் பட்டைக்கு மேலே உயரமான தடை வந்தால் அடி முழுதும் வண்டிச் சட்டத்துக்குப் போகும். வீட்டு வேலைக்கு முழுத்தகடு மடங்குவது நல்லது என்பேன். தெரியாத வாசல்களில் இருட்டில் வேலை, என்ன உயரத்தில் என்ன இருக்கும் என்று யார் கண்டது.

பணக் கணக்கு. கீழே வருபவை ஒரு மாதிரிக்கு நான் வைத்த விலைகள். அவரவர் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். வண்டி ஏற்கெனவே சொந்தம், அதன் தவணை கணக்கில் இல்லை. வருமான வரியும் இல்லை.

வரவு: 40 வீடு, பருவத்துக்கு வீட்டுக்கு 400 டாலர், மொத்தம் 16,000.

பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் ஆகும் செலவு: பொருத்துகூலியோடு 7,200 டாலர் பனித்தள்ளி, ஆறு ஆண்டுக்குப் பிரித்தால் 1,200. வணிக இன்சூரன்ஸ் கூடுதல் 1,800. டிரைவ்வே ஓரங்களில் நடும் அடையாளக் கம்புகள் 160. வசந்தத்தில் பெயர்ந்த புல்தரையைச் சரிசெய்ய 400. கூட்டினால் 3,560.

ஒவ்வொரு நடைக்கும் ஆகும் செலவு: வீட்டுக்கு ஆறு நிமிட வேலை, மூன்று நிமிடப் பயணம் என்று 40 வீட்டுக்கு ஆறு மணி நேரம். மணிக்கு இரண்டரை காலன் வீதம் 15 காலன், 3.50 டாலர் விலையில் 52 டாலர். அடிப்பட்டைத் தேய்மானம், ஹைட்ராலிக் எண்ணெய், ஹோஸ் 20. வண்டியின் டயர், பிரேக், கியர்பெட்டித் தேய்மானம் 63. நடைக்கு 135 டாலர்.

மூன்று அங்குலத்துக்கு மேல் விழுந்தால் வர வேண்டும் என்பது ஒப்பந்தங்களில் பரவலாக இருக்கும் வரி. சராசரியாக நான்கு அங்குலத்துக்கு ஒரு நடை என்று போட்டால், 95 அங்குல ஆண்டில் 24 நடை, 144 மணி நேரம். மொத்தச் செலவு 6,800, கையில் 9,200, மணிக்கு 64 டாலர்.

பஃபலோவில் 2011-12 பருவத்தில் 37 அங்குலம்கூட விழவில்லை. அந்த மாதிரி ஆண்டுக்கு ஒன்பது நடை, 54 மணி நேரம். செலவு 4,775, கையில் 11,225, மணிக்கு 208 டாலர்.

1976-77இல் 199 அங்குலம் கொட்டியது, அந்நகரின் பதிவில் அதுவே உச்சம். அதே கணக்கில் 50 நடை, 300 மணி நேரம். செலவு 10,310, கையில் 5,690, மணிக்கு 19 டாலர். 2025இல் மேல் நியூயார்க் பகுதிக்குச் சட்டம் வைத்த குறைந்தபட்சக் கூலி 15.50 டாலர். நடுராத்திரியில் எழுந்து சொந்த வண்டியைத் தேய்த்துச் செய்யும் வேலைக்கும் கடைக்காரப் பையனின் கூலிக்கும் மூன்றரை டாலர்தான் வித்தியாசம். பருவ ஒப்பந்தம் என்பது வீட்டுக்காரருக்குப் பனிக் காப்பீடு. அந்தக் காப்பீட்டை விற்பவர் பிக்கப் வைத்திருக்கும் தனிமனிதர். இது தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். பருவத்தில் 30 நடைக்கு மேல் போனால் நடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒன்று. பதினைந்து டாலர் என்று போட்டால்கூட, 20 கூடுதல் நடைக்கு 12,000 டாலர். உச்ச ஆண்டின் மணிக்கூலி 19இலிருந்து 59 ஆகிவிடும். இன்னொன்று, ஒரே புயலில் இத்தனை அங்குலத்துக்கு மேல் போனால் பிக்கப்பின் பொறுப்பு அதோடு முடிகிறது என்பது. 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் நான்கு நாளில் சுமார் 80 அங்குலம் விழுந்தது. பனித்தள்ளித் தகட்டின் உயரம் 30 அங்குலம். அந்தப் பனியை லோடர் வைத்து அள்ளத்தான் முடியும், தள்ள முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டி வந்த பனிப்புயலில் ஈரி கவுன்டியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும்கூடச் சிக்கிக்கொண்டன. வாகனத் தடை அறிவிக்கப்பட்டால் அந்த மணி நேரங்களுக்கு ஒப்பந்தம் செல்லாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரே என்று ஒருவரும் அந்த இரவில் வண்டியை எடுக்கக் கூடாது.

நேர்த்தகடா, ‘வி’யா? ‘வி’ 2,500 டாலர் கூடுதல் என்றால் ஆறு ஆண்டில் ஆண்டுக்கு 417. ‘வி’ தன் திறமையைக் காட்டும் இடம் வாசல் வரப்பு: கூர்முனையால் பிளந்துகொண்டு உள்ளே போகும், திரும்பி வரும்போது சிறகுகளை முன்னால் மடக்கி முறம்போல அள்ளிக்கொண்டு வரும். வீட்டுக்கு ஒரு நிமிடம் மிச்சம் என்றால் நடைக்கு 40 நிமிடம். சராசரி ஆண்டில் 16 மணி நேரம் மிச்சம். மணிக்கு 26 டாலர் கொடுத்து வாங்கிய நேரம். உச்ச ஆண்டில் அது பன்னிரண்டரை டாலராக இறங்கும், வறண்ட ஆண்டில் 70 டாலராக ஏறும். அந்த 40 நிமிடத்தில் அதே தெருவில் இன்னும் நான்கு வீடு கிடைத்தால் 1,600 டாலர் வரவு, இரண்டு பருவத்துக்குள் ‘வி’ தன் விலையை எடுத்துவிடும். தெரு மாறிப் போக வேண்டுமானால் பயணத்திலேயே அந்த நேரம் கரைந்துவிடும்.

ஏரிப்பனி ஒரே சீராக விழுவதில்லை. பஃபலோவுக்குத் தெற்கே ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் பக்கம் பனிப்பட்டை அடிக்கடி உட்கார்ந்துவிடும். வடக்கே அமர்ஸ்ட், டோனவாண்டா பக்கம் அதே நாளில் வெயில்கூட அடிக்கும். தெற்கில் வாடிக்கையாளர் வைத்திருப்பவர், கதவுச் சீட்டு இடம் கொடுத்தால், ‘வி’ வாங்கலாம். வடக்கில் இருப்பவருக்கு நேர்த்தகடே போதும், மிச்சமாகும் 2,500ஐ டயரில் போடட்டும். டொரொண்டோவில் நம்மவர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோவுக்கு இந்தக் கணக்கு இன்னும் மாறும். டொரொண்டோவில் ஆண்டுப் பனி 120 சென்டிமீட்டர் அளவில், பஃபலோவின் பாதி; 12 நடைதான். போதாததற்கு ஸ்கார்பரோவில் முடிந்த தெருக்களிலெல்லாம் வாசல் வரப்பை நகராட்சியே வந்து திறந்துவிட்டுப் போகிறது. ‘வி’ பிளப்பதற்கு வரப்பே இல்லாத ஊரில் அதற்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்? அங்கே பார்க்க வேண்டியது, கராஜ் கதவருகே தகட்டை இறக்கிப் பின்னோக்கி இழுக்கும்போது அது எவ்வளவு சுத்தமாக வழிக்கிறது என்பதை. தகட்டைக் கீழ்நோக்கி அழுத்தும் ஹைட்ராலிக் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது அந்த ஊரில் தகும்.

பிராண்டு விஷயத்தில் ஒரு வார்த்தை. மேயர் 1926இல் தொடங்கியது, ஃபிஷர் 1948இல் மெய்ன் மாநிலத்து ராக்லாந்தில், வெஸ்டர்ன் 1950இல் மில்வாக்கியில், பாஸ் 1985இல் மிச்சிகனின் அயர்ன் மவுண்டனில். எல்லாமே பனியை அறிந்த ஊர்கள். தெரியாமல் செய்தவர்கள் யாருமில்லை. ஃபிஷரும் வெஸ்டர்னும் இன்று டக்ளஸ் டைனமிக்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். பாஸை டோரோ நிறுவனம் 2014இல் வாங்கியது. எனவே எது உயர்ந்தது என்ற சண்டையைவிட, விடிகாலை நான்கு மணிக்கு ஹோஸ் வெடித்தால் அந்த நாளிலேயே மாற்று ஹோஸ் கொடுக்கும் கடை எத்தனை மைலில் இருக்கிறது என்ற எண்தான் பெரிது. ஆறு மணி நேர நடையில் இரண்டு மணி நேரம் போனால் 13 வீட்டுக்காரர்கள் வேலைக்குக் கிளம்ப முடியாமல் வாசலில் நிற்பார்கள்.

பழையது வாங்குவோருக்கு: வண்டியோடு இணைக்கும் தாங்கி ஒரு பிராண்டுக்கு மற்றொன்று சேராது, ஒரே பிராண்டிலும் வண்டி மாடலுக்கு மாடல் மாறும். 2,500 டாலருக்குக் கிடைத்தது என்று இழுத்துவந்தபின் தாங்கிக்கும் வயரிங்குக்கும் இன்னொரு 1,000, 1,500 ஆகலாம். அடியிலுள்ள முக்கோணச் சட்டத்தில் வெல்டிங் போட்ட தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தகட்டை முழு உயரம் தூக்கி நிறுத்திவிட்டு, தேநீர் குடிக்கும் நேரம் விட்டுப் பாருங்கள். தானாக இறங்கினால் சிலிண்டரோ வால்வோ கசிகிறது. பம்பு மோட்டார் இழுக்கும் கணத்தில் 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும், சோர்ந்த பேட்டரியோடு சோதித்தால் நல்ல பம்பும் நோஞ்சானாகத் தெரியும். அதனால் எஞ்சினை ஓடவிட்டே சோதியுங்கள்.

புதியதோ பழையதோ, செப்டம்பரில் பொருத்திவிடுவது நல்லது. நவம்பர் முதல் வாரத்தில் கடைகளில் வரிசை நிற்கும். அதோடு, புல்லும் தார் விளிம்பும் கண்ணுக்குத் தெரியும் நாட்களில் 40 வாசல்களையும் ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டியிருக்கிறது: எங்கே மூடி தூக்கியிருக்கிறது, எங்கே தண்ணீர்க் குழாய் முனை நிற்கிறது, பனியைக் குவிக்க எந்த மூலை. முதல் புயலின் குவியலை எவ்வளவு பின்னால் தள்ளுகிறோமோ அவ்வளவு இடம் ஜனவரிக்கு மிச்சம். சாலையில் தள்ளுவது சட்டப்படி குற்றம், எதிர்வீட்டுப் பக்கம் தள்ளினால் சண்டை. வீட்டுக்கு நான்கு கம்பாக 160 கம்புகளையும் நிலம் உறையுமுன் அடித்துவிட வேண்டும். உறைந்தபின் கம்பு இறங்காது.